பிடுங்கப் பிடுங்க முளைக்கும் களைகள்: வீட்டுப் புல்தரைக்கான முழுமையான வழிகாட்டி

புல்தரையில் முளைக்கும் களைகளில் பல, ஒருமுறை பிடுங்கினால் போய்விடுகின்றன. கீழாநெல்லி அந்த வகையைச் சேர்ந்தது. ஈரமண்ணில் இரண்டு விரல்களால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும். உண்மையான தொல்லை தருபவை வேறு. பிடுங்கிய இடத்திலேயே சில நாட்களில் முன்பைவிட அடர்த்தியாக எழும்பும் கோரை, எவ்வளவு தாழ்த்தி வெட்டினாலும் தரையோடு ஒட்டிப் படரும் புளியாரை, வெறுங்காலில் நடப்பவரைக் குத்தும் தொட்டாற்சிணுங்கி, நட்ட புல்லுக்குள்ளேயே புகுந்து அதன் நிறத்திலேயே வளரும் வேற்றுப் புல் ஆகியவையே வீட்டுக்காரரைச் சலிப்படையச் செய்கின்றன.

இவற்றோடு ஆண்டுக்கணக்கில் போராடியும் பலன் காணாதவர்கள் பெரும்பாலும் எல்லாக் களைகளையும் ஒரே விதமாகப் பிடுங்குகிறவர்கள். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த கதையரக்கனைப்போல, ஒவ்வொரு களையும் தன் உயிரை ஒவ்வோர் இடத்தில் வைத்திருக்கிறது. கோரைக்கு அது கிழங்கில், மூக்கிரட்டைக்கு ஆணிவேரில், புளியாரைக்குக் கணுவிலும் விதையிலும், அம்மான் பச்சரிசிக்கு முழுக்க முழுக்க விதையில். அந்த இடத்தைக் கண்டுகொண்ட பிறகே மற்ற வேலைகளுக்குப் பொருள் உண்டு.

முதற்படி: ஒரு செடியை முழுதாகத் தோண்டிப் பாருங்கள்

எந்தக் கருவியையும் மருந்தையும் தேடும் முன், தொல்லை தரும் ஒவ்வொரு களையிலும் ஒரு செடியை அதன் சுற்றுமண்ணோடு 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பெயர்த்தெடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல அலசிப் பார்க்க வேண்டும். இலையை மட்டும் பார்த்துப் பெயர் தேடுவதைவிட இந்த ஒரு வேலை அதிகம் சொல்லித்தரும்.

கோரையை இப்படி அலசினால், தளிரின் அடியில் ஒரு சிறு குமிழும், அதிலிருந்து கிளம்பும் விறைப்பான மெல்லிய வேர்த்தண்டும், அதன் மறுமுனையில் 1 முதல் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள, கரும்பழுப்புத் தோல் போர்த்த கிழங்கும், அங்கிருந்து இன்னொரு தண்டும் இன்னொரு கிழங்குமாக ஒரு சரமே கையில் வரும். இளங்கிழங்கை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். முகர்ந்தால் மூலிகை வாசம் அடிக்கும். வெறுங்கையால் இழுக்கும்போது அறுந்துபோவது அந்த மெல்லிய தண்டுதான். கிழங்குகள் மண்ணுக்குள் அப்படியே தங்கிவிடுகின்றன. கோரை பார்வைக்குப் புல் போலிருந்தாலும் புல் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதன் பூக்காம்பை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். புல்லின் தண்டிலோ அப்படி விளிம்புகள் இரா. மருந்து வாங்கும் கட்டத்தில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது.

மூக்கிரட்டை, டான்டலியன் போன்றவற்றைத் தோண்டினால் தடித்த ஆணிவேர் ஒன்று நேராக இறங்குவது தெரியும். புளியாரையிலும் சிறுபுள்ளடியிலும் தண்டு தரையைத் தொடும் கணுக்கள்தோறும் நுண்வேர்கள் இறங்கியிருக்கும். அம்மான் பச்சரிசி, நெருஞ்சி போன்ற ஓராண்டுக் களைகளுக்கு ஒரே ஒரு எளிய வேர்தான். ஆனால் செடி இளமையாக இருக்கும்போதே பூவும் காயும் வந்திருக்கும். தோண்டிப் பார்த்ததை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, எந்தக் களை தரையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று ஒரு சிறு வரைபடமும் போட்டு வைத்தால், பிறகு வேலை செய்யும்போது அது பெரிதும் உதவும்.

இரண்டாம் படி: அது ஏன் அங்கே வந்தது என்று பாருங்கள்

அடர்ந்த, நலமான புல்லுக்கு நடுவே ஒரு விதை முளைத்து மேலே வருவது எளிதன்று. வெயில் மண்ணைத் தொடும் இடத்தில்தான் பெரும்பாலான களைகள் கால் ஊன்றுகின்றன. எந்தக் களை வந்திருக்கிறது என்பதே அந்த இடத்தின் குறையைப் பாதி சொல்லிவிடும்.

ஆட்கள் நடந்து நடந்து இறுகிய தடத்தில் காட்டுக் கேழ்வரகு வரும். அடிப்பகுதி வெளுத்துத் தட்டையாக, தரையோடு வட்டமாக விரிந்து கிடக்கும் அந்தப் புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருப்பதைவிட நடக்கும் வழியில் கல் பதிப்பது மேல். வல்லாரை படர்ந்தால் அங்கே ஈரம் எப்போதும் தங்குகிறது என்று பொருள். நெருஞ்சி வறண்டு வெறுமையாகக் கிடக்கும் மண்ணை நாடும். சிறுபுள்ளடி, தொட்டாற்சிணுங்கி போன்ற அவரைக் குடும்பக் களைகள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை வேர்முடிச்சுகளின் வழியே காற்றிலிருந்தே பெறுவதால், தழைச்சத்துக் குறைந்த மண்ணில் புல்லை எளிதில் முந்திவிடுகின்றன. அங்கே புல்லுக்கு உரமிடுவதும் களைக்கட்டுப்பாட்டில் சேர்ந்ததே. கோரையும் பெரும்பாலும் நீர் தேங்கும் இடத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் கிழங்கு வைத்துவிட்டால் பிறகு அது வறட்சியையும் தாங்கும் என்பதால், வடிகாலைச் சரிசெய்வது பரவலைக் குறைக்குமே தவிர, இருக்கும் கோரையை அழிக்காது.

மண்ணின் கார அமில நிலையை ஒருமுறை பரிசோதித்துக்கொள்வதும் நல்லது. பெரும்பாலான புல்வகைகளுக்கு 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட அளவு ஏற்றது.

மூன்றாம் படி: கையால் எடுக்கக்கூடியவற்றை முதலில் முடியுங்கள்

களையெடுக்க ஏற்ற நேரம் நல்ல மழைக்கு மறுநாள் காலை. மழை இல்லாவிட்டால் முந்தைய மாலை ஆழமாக நீர் பாய்ச்சிவிட்டு மறுநாள் தொடங்கலாம். காய்ந்த மண்ணில் இழுத்தால் எந்த வேரும் நடுவில் அறும். அதேபோல், களை பூப்பதற்கு முன் எடுப்பதும் கட்டாயம். காய் முற்றிய பிறகு எடுக்கப் போனால், எடுக்கும் கையே விதையைத் தூவிவிடும்.

ஆணிவேர்க் களைகளுக்குக் குறுகிய நீண்ட அலகுள்ள களைக்கொத்து வேண்டும். செடியிலிருந்து சற்றுத் தள்ளி அலகைச் செங்குத்தாக இறக்கி, வேரின் அடிப்பக்கமாக நெம்பி, மண் தளர்ந்த பிறகே செடியைப் பிடித்துத் தூக்க வேண்டும். டான்டலியன் போன்றவற்றில் உள்ளே தங்கும் வேர்த்துண்டு மீண்டும் தளிர்க்கும். எனவே வேரின் நுனி மெலிந்து முடிந்திருக்கிறதா, தடித்த நிலையிலேயே ஒடிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு செடியையும் ஒரு கணம் பார்ப்பது நல்லது. ஒடிந்திருந்தால் அந்தக் குழியில் அடையாளத்துக்கு ஒரு குச்சியைச் செருகி வைத்து, தளிர் தலைகாட்டியதும் மீண்டும் தோண்டலாம்.

புளியாரைக்குப் பொறுமை அதிகம் வேண்டும். அதன் காய்கள் சிறியவை, ஐந்து பட்டைகளோடு நிமிர்ந்து நிற்பவை. முற்றிய காயை விரல் தொட்டாலே வெடித்து, விதைகளைச் சுற்றிலும் வீசியெறியும். ஈரத்தோடு இருக்கும் அந்த விதைகள் கையிலும் கருவியிலும் செருப்பிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே காய் பிடித்த புளியாரையைத் தொடும் முன் அதன்மேல் தண்ணீர் தெளித்து, ஒரு பையைக் கவிழ்த்து மூடிக்கொண்டு எடுப்பதே பாதுகாப்பு. படர்தண்டைப் பிடித்து இழுக்காமல், ஒவ்வொரு கணுவின் அடியிலும் கத்தியின் முனையை விட்டு வேரைத் தளர்த்திக்கொண்டே நடுவேரை நோக்கிப் போக வேண்டும்.

தொட்டாற்சிணுங்கிக்குத் தடித்த தோல் கையுறை அவசியம். தண்டை நறுக்கினால் அடியிலிருந்து மீண்டும் கிளைக்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டியே எடுக்க வேண்டும். அதன் காய்களில் உள்ள முட்கள் துணியிலும் விலங்குகளின் மயிரிலும் ஒட்டிக்கொண்டு பரவுவதால் காய்களைத் தனியே சேகரித்துவிடுவது நல்லது. தரைப்பசலையை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போகக்கூடாது. அதன் சதைப்பற்றான தண்டு பல நாள் வாடாமல் கிடந்து, ஈரம் கிடைத்ததும் கிடந்த இடத்திலேயே வேர்விடும். அம்மான் பச்சரிசியின் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தரும் என்பதால் கையுறையோடு எடுப்பதே முறை.

எடுத்த களைகளை எருக்குழியில் போடலாமா என்ற கேள்வி எழும். வீட்டு எருக்குழி பெரும்பாலும் விதையையும் கிழங்கையும் கொல்லும் அளவுக்குச் சூடேறுவதில்லை. காய்க்காத ஓராண்டுக் களைகளை மட்டும் அதில் சேர்த்து, கிழங்கும் காயும் உள்ளவற்றைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பல வாரம் வெயிலில் போட்டுவிட்டு அப்புறப்படுத்துவதே என் பரிந்துரை.

நான்காம் படி: கோரை

கோரைக்குத் தனி இடம் கொடுத்தே ஆக வேண்டும். உலகின் மிக மோசமான களைகளின் பட்டியலை வகுத்தவர்கள் முதலிடத்தில் வைத்த களை அது. ஒரே வேர்த்தண்டில் கோத்த கிழங்குகளில், முனையில் உள்ளது முளைத்திருக்கும்வரை மற்றவற்றில் பல உறங்கிக்கிடக்கும். சரம் அறுந்தால் உறங்கியவை விழித்துக்கொள்ளும். ஒரு தளிரைப் பிடுங்கிய இடத்தில் சில தளிர்கள் எழுவது இதனால்தான். கோரை உள்ள தரையை உழவு இயந்திரம் கொண்டு கிளறுவது, அதை வேண்டுமென்றே நடுவதற்குச் சமமான செயல்.

திட்டு சிறியதாக இருந்தால் தோண்டி முடித்துவிடலாம். வெளியே தெரியும் திட்டின் விளிம்பிலிருந்து இன்னும் 30 சென்டிமீட்டர் தள்ளி எல்லை குறித்து, 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணை எடுத்து, 1 சென்டிமீட்டருக்கும் குறைவான கண்ணுள்ள சல்லடையில் சலித்துக் கிழங்குகளைப் பிரிக்க வேண்டும். பெரும்பாலான கிழங்குகள் மேல் 15 சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கும் என்றாலும், தளர்ந்த மண்ணில் அவை அதற்கும் கீழே இறங்கும். பிரித்த கிழங்குகளைக் கடும் வெயிலில் பரப்பினால் சில நாட்கள் முதல் இரண்டு வாரத்துக்குள் உலர்ந்து உயிரிழக்கும். நிழலில் குவித்து வைத்தால் அப்படி நடக்காது.

திட்டு பெரியதாக இருந்தால் கிழங்கைப் பட்டினி போடும் முறையே வழி. ஒவ்வொரு தளிரும் கிழங்கில் சேர்த்து வைத்த உணவைச் செலவிட்டுத்தான் எழுகிறது. ஐந்தாறு இலைகள் விடும்வரை அது செலவாளி. அதன்பின் சம்பாதிக்கத் தொடங்கிப் புதுக்கிழங்கும் வைத்துவிடும். முளை வெளிவந்த 3 முதல் 6 வாரங்களில் புதிய கிழங்குகள் உருவாகத் தொடங்கலாம் என்பதால், வளரும் பருவம் முழுவதும் 2 வாரத்துக்கு ஒருமுறை, தாமதித்தால் 3 வாரத்துக்குள், எல்லாத் தளிர்களையும் எடுத்தாக வேண்டும். இடையில் ஒரு மாதம் விட்டுவிட்டால் அதுவரை செய்ததெல்லாம் வீண். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் முதற்பருவத்தில் தளிர்கள் மெலிவது கண்ணுக்குத் தெரியும். முற்றிலும் ஒழிய இரண்டு பருவங்கள் பிடிக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்குவதே நேர்மை.

பிளாஸ்டிக் விரிப்போ துணி விரிப்போ போட்டு மூடுவது மற்றக் களைகளுக்குப் பயன்படும். கோரையின் கூரிய தளிர்முனையோ பிளாஸ்டிக் தாளைக் குத்திக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். கோரைக்கு ஆகாதது நிழல்தான். புல்லை அதற்குரிய உயர எல்லையின் மேல்மட்டத்திலேயே வளரவிட்டு அடர்த்தியாக வைத்தால் கோரை கணிசமாக மெலியும்.

ஐந்தாம் படி: புல்லுக்குள் புகுந்த புல்

எந்தப் புல்லை நட்டோமோ அதைத் தவிர வேறெந்தப் புல்லும் அங்கே களைதான். அருகம்புல் தரையில் அருகம்புல்லே அரசன். கொரியன் புல் தரையிலோ அகன்ற இலையுள்ள பஃபலோ புல் தரையிலோ அதே அருகம்புல் பெரும் தலைவலி. தரைக்கு மேலே ஓடுதண்டு, கீழே வேர்த்தண்டு என்று இரு வழியிலும் பரவுவதால், ஒரு கணுவுள்ள துண்டு தங்கினாலும் மீண்டும் தொடங்கிவிடும்.

புல்லுக்குள் இருக்கும் புல்லை மட்டும் தேர்ந்து கொல்லும் மருந்துகள் குறைவு. அவையும் எல்லாப் புல்தரைக்கும் ஒத்துவருவதில்லை. ஆகவே வேற்றுப் புல் கைப்பற்றிய திட்டை, சுற்றிலும் 15 முதல் 20 சென்டிமீட்டர் கூடுதலாகச் சேர்த்து வெட்டியெடுத்துவிட்டு, அதே வகைப் புல்பாளத்தை, அதாவது வேரும் மண்ணுமாகப் பெயர்த்தெடுத்த புல்துண்டை, அங்கே பதிப்பதே பெரும்பாலும் எளிய தீர்வு. பூப்பாத்தியிலிருந்தோ பக்கத்து நிலத்திலிருந்தோ அருகம்புல் நுழைவதாக இருந்தால், எல்லையில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தடுப்புத் தகடு பதித்து, அதன் விளிம்பு தரைக்கு மேல் சற்றே தெரியும்படி விட வேண்டும். ஓடுதண்டு அதைத் தாண்டும்போது கண்ணில் படும், வெட்டிவிடலாம்.

ஆறாம் படி: மண்ணுக்குள் உள்ள விதைகள்

1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் பல வகைக் களைச்செடிகளின் விதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் இட்டு மண்ணுக்குள் புதைத்து வைத்தார். 2021-இல் தோண்டி எடுத்த புட்டியிலிருந்த சில விதைகள்கூட முளைத்தன. எல்லா விதைகளும் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. ஆனால் ஒரு களை விதை உதிர்த்துவிட்டால் அதன் விளைவை ஓரிரு ஆண்டில் துடைத்துவிட முடியாது என்பதை இந்தச் சோதனை நன்றாகக் காட்டுகிறது.

நடைமுறையில் இதிலிருந்து இரண்டு பழக்கங்கள் பிறக்கின்றன. ஒன்று, களையெடுக்க நேரமில்லாத வாரத்தில்கூட பூக்களையாவது கிள்ளிவிடுவது. மற்றொன்று, புல்தரையைத் தேவையின்றிக் கொத்திக் கிளறாமல் இருப்பது; உறங்கும் விதைகளில் பல, வெளிச்சம் படும் மேல்மண்ணுக்கு வந்தவுடனேதான் விழிக்கின்றன. புல்வெட்டும் இயந்திரத்தைக் களைத்திட்டில் ஓட்டியபின் மற்ற இடத்துக்குக் கொண்டுபோகும் முன் அதன் அடிப்பகுதியைத் துடைத்துக் கழுவுவதும் இதோடு சேர்ந்தது.

விதையால் மட்டும் பரவும் ஓராண்டுக் களைகள் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் படையெடுத்தால், முளைப்பதற்கு முன் இடும் களைக்கொல்லிகள் உண்டு. பெண்டிமெத்தலின் அவற்றில் ஒன்று. அது மேல்மண்ணில் ஒரு மெல்லிய படலமாகத் தங்கி, முளைவிடும் விதையின் வேரைத் தடுக்கிறது. களை முளைக்கும் பருவத்துக்கு ஓரிரு வாரம் முன்பே இட்டு, உடனே ஒரு சென்டிமீட்டர் அளவு நீர் பாய்ச்ச வேண்டும். ஏற்கனவே முளைத்துவிட்ட செடியிலும் கிழங்கிலும் அது வேலை செய்யாது. புதிதாகப் புல்விதை தூவிய தரையிலும் புதிய பாளம் வேர்பிடிக்காத தரையிலும் இதை இடக்கூடாது.

வீட்டு மருந்துகள் பற்றி ஒரு சொல்

சமையலறை வினிகரில் அசிட்டிக் அமிலம் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். இளஞ்செடியின் இலையை அது கருக்கும். கிழங்கையும் ஆணிவேரையும் தொடாது. பக்கத்துப் புல்லையும் சேர்த்தே கருக்கும். கொதிநீரும் அப்படியே, கல் இடுக்குகளுக்கு நல்லது, புல்தரைக்கு ஆகாது. உப்பைப் பரிந்துரைக்கும் குறிப்புகளை அடியோடு ஒதுக்கிவிடுங்கள். உப்பு மண்ணிலேயே தங்கி, களை போன பிறகும் புல்லை வரவிடாது.

ஏழாம் படி: களைக்கொல்லி தேவைப்பட்டால்

கையாலும் பட்டினியாலும் தீராத நிலையில் மட்டும் இங்கே வர வேண்டும் என்பது என் கருத்து. வரும்போது மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: களை எந்தக் குடும்பம், தரையில் உள்ள புல் எந்த வகை, அந்த மருந்து உங்கள் நாட்டில் வீட்டுப் புல்தரைக்கு அனுமதிக்கப்பட்டதா.

அகன்ற இலைக் களைகளைக் கொன்று புல்லை விட்டுவைப்பது 2,4-டி. ஆனால் அகன்ற இலையுள்ள பஃபலோ புல் அதைத் தாங்காது, கருகிவிடும். புளியாரையிலும் அதன் பலன் குறைவு. அந்தக் களைக்கு ட்ரைகுளோபிர், ஃப்ளூராக்ஸிபிர் போன்றவை மேல் என்றாலும், இவற்றிலும் உங்கள் புல்வகை தாங்குமா என்பதை லேபிளில் பார்த்தபிறகே வாங்க வேண்டும். 2,4-டி-யின் எஸ்டர் வடிவம் வெப்பத்தில் ஆவியாகி நகர்ந்து தக்காளி, திராட்சை போன்ற பயிர்களின் இலையைச் சுருட்டிவிடும் என்பதால், வீட்டுத் தோட்டத்தில் அமீன் வடிவத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். கோரைக்கு ஹாலோசல்ஃப்யூரான் மெத்தில் தகுந்தது. கோரை 3 முதல் 5 இலைகளோடு செழித்து வளரும்போது, மருந்தை இலையில் ஒட்டி நிற்கச் செய்யும் ஒட்டுபசை சேர்த்துத் தெளித்தால் இலை வழியே உள்ளிறங்கும். அதன் வேகம் குறைவு. மஞ்சளாகவே ஓரிரு வாரம் ஆகும். பலனில்லை என்று நினைத்து மறுவாரமே மீண்டும் அடிக்க வேண்டாம். புதிய தளிர்கள் வரும்போது, லேபிள் சொல்லும் இடைவெளி விட்டு இரண்டாம் முறை தெளிக்கலாம்.

கிளைபோசேட் எல்லாப் பச்சையையும் கொல்லும், புல்லையும் விட்டுவைக்காது. அதனால் புல்தரையில் அதைத் தெளிக்காமல் பூச வேண்டும். புல்வெட்டிய இரண்டு மூன்று நாளில் கோரை புல்லைவிட உயர்ந்து தனித்து நிற்கும்; அந்த நேரத்தில், மருந்தில் நனைத்துச் சொட்டாதபடி பிழிந்த பஞ்சால் அதன் இலைகளை மட்டும் தடவிவிடலாம். மருந்தைக் கலக்கத் தெளிந்த நீர் வேண்டும். களிமண் துகள்கள் கிளைபோசேட்டைப் பிடித்துக்கொள்வதால் கலங்கிய நீரில் கலந்தால் அதன் வலிமை குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருளாக வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த முடிவை ஏற்கவில்லை. விவாதம் எப்படி முடிந்தாலும், தோலில் படாமல் குறைந்த அளவில் பயன்படுத்துவதற்கு இதுவே போதிய காரணம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி கலந்த எதையும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. சிறிதளவு விழுங்கினாலும் உயிர்போகும், முறிமருந்து இல்லை.

அளவு என்பது பரப்பைப் பொறுத்தது. 10 சதுர மீட்டர் இடத்தை அளந்து, தெளிப்பானில் வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கமான நடையில் தெளித்து முடித்து எவ்வளவு நீர் செலவானது என்று பாருங்கள். அரை லிட்டர் ஆகியிருந்தால், அந்தப் பரப்புக்கு லேபிள் சொல்லும் மருந்தை அந்த அரை லிட்டரில் கலக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். கூடுதலாகக் கலந்தால் இலை உடனே கருகி, மருந்து வேருக்கு இறங்கும் வழி அடைபடும். அதனால் பலனும் குறையும்.

காற்றில்லாத காலை வேளை, 30 டிகிரி செல்சியசுக்குக் குறைந்த வெப்பம், அடுத்த சில மணி நேரத்துக்கு மழையில்லை என்ற உறுதி ஆகியவை வேண்டும். தெளிப்பதற்கு இரண்டு நாள் முன்பும் இரண்டு நாள் பின்பும் புல் வெட்டக்கூடாது. கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, மூடிய காலணி அணிந்து, குறைந்த அழுத்தத்தில் முனையைத் தாழப் பிடித்துத் தெளிக்க வேண்டும். முற்றிலும் உலரும்வரை குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் அங்கே வரக்கூடாது. கிணறு, குளம், மீன்தொட்டி ஆகியவற்றின் அருகில் தெளிக்க வேண்டாம். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். 2,4-டி-யின் எச்சம் எளிதில் கழுவிப் போவதில்லை. அதே தெளிப்பானில் காய்கறிச் செடிக்கு மருந்தடித்தால் செடி கோணிப்போகும். மிஞ்சிய மருந்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது உயிருக்கு ஆபத்து. மருந்தடித்த தரையிலிருந்து முதல் சில முறை வெட்டும் புல்லை எருவுக்கோ மூடாக்குக்கோ பயன்படுத்த வேண்டாம்.

எட்டாம் படி: காலியான இடத்தை உடனே நிரப்புங்கள்

களை போன இடம் வெறுமையாகக் கிடந்தால் அடுத்த களை அங்கே வந்தே தீரும். இறுகிய மண்ணில் 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்துண்டுகளை உருவியெடுக்கும் கருவியால் துளையிட்டு, மட்கிய எருவும் மணலும் கலந்த கலவையை அரை முதல் 1 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, அதே வகைப் புல்லை நெருக்கமாக நட வேண்டும். புல் வளரும் பருவத்தில் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து ஒரு தவணைக்குப் போதும். யூரியாவாக இட்டால் அது சுமார் 11 கிராம். இட்டவுடன் நீர் பாய்ச்சாவிட்டால் இலை கருகும்.

வெட்டும் உயரத்தில்தான் பலர் களைக்கு வழிவிடுகிறார்கள். அருகம்புல்லுக்கு 2 முதல் 4, கொரியன் புல்லுக்கு 2.5 முதல் 5, பஃபலோ புல்லுக்கு 6 முதல் 10 சென்டிமீட்டர் என்பது பொதுவான எல்லை. ஒரு முறையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. மொட்டையாக வெட்டிய தரையில் வெயில் மண்ணைத் தொடுகிறது. களை விதை அதைத்தான் எதிர்பார்த்துக் கிடக்கிறது. நீரும் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதைவிட, வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்ற அளவை ஓரிரு தவணையில் ஆழமாகப் பாய்ச்சுவது நல்லது. தரையில் தட்டையான சில டப்பாக்களை வைத்து, அதில் சேரும் நீரின் உயரத்தை அளந்தால் இந்தக் கணக்கு சரியாக வரும்.

பாதிக்கு மேல் களையே என்றால்

அப்போது திட்டுத் திட்டாகப் பார்ப்பதில் பயனில்லை. முழுத் தரையையும் புதுப்பிப்பதே குறைந்த உழைப்பு. மேற்பரப்பை வழித்தெடுத்து, மண்ணைச் சமன்படுத்தி நன்கு நனைத்து, மெல்லிய தெளிந்த பிளாஸ்டிக் தாளை மண்ணோடு ஒட்டும்படி விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து, ஆண்டின் மிகக் கடுமையான வெயில் காலத்தில் 4 முதல் 6 வாரம் விட வேண்டும். தாளுக்கு அடியில் ஏறும் வெப்பம் மேல்மண்ணில் உள்ள பல விதைகளைக் கொல்லும். ஆனால் ஆழத்தில் உள்ள கோரைக்கிழங்கை அது எட்டாது. கோரை உள்ள தரையில் முதலில் கோரையை ஒடுக்கிவிட்டு இதைச் செய்ய வேண்டும். தாளை எடுத்த பிறகு மண்ணைக் கிளறாமலேயே, ஒருமுறை நீர் பாய்ச்சி முளைப்பவற்றை மேலோட்டமாகச் சீவிவிட்டுப் புதுப்புல்லை நடலாம்.

புதுமண்ணும் எருவும் புல்பாளமும் வாங்கும்போதுதான் பல வீடுகளுக்குள் கோரை முதன்முதலில் நுழைகிறது. ஆகவே மண்ணை இறக்கும் முன் சல்லடையில் ஒரு கூடை சலித்துக் கிழங்கு இருக்கிறதா என்று பாருங்கள். பாளத்தைப் புரட்டி அடிப்பக்கத்தில் மூன்று விளிம்புத் தண்டோ கறுத்த கிழங்கோ தென்படுகிறதா என்று தேடுங்கள். ஐயமிருந்தால், அந்த மண்ணில் சிறிதளவை ஒரு தட்டில் பரப்பி ஈரம் காயாமல் மூன்று வாரம் வெயிலில் வைத்து, அதில் என்ன முளைக்கிறது என்று பார்த்த பிறகு மீதியை இறக்கச் சொல்லலாம்.